தாத்தாவின் 3,750 ரூபாய்: என்.ஏ.வி கணக்கு போடுவது எப்படி?



இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு போன இன்டர்னல்ல வந்த இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். ஒரு மியூச்சுவல் ஃபண்டின் நிகர சொத்து மதிப்பு வருடத் தொடக்கத்தில் யூனிட்டுக்கு 20 ரூபாய். வருடக் கடைசியில் 20.50. நடுவில் யூனிட்டுக்கு 1.50 ரூபாய் டிவிடெண்டாகக் கொடுத்தார்கள். ஃபண்டு எவ்வளவு சதவீதம் சம்பாதித்தது?

இரண்டு மார்க் கேள்வி. 50 காசு ஏறியிருக்கு, 20-ஆல வகுத்தா 2.5%. இப்படி எழுதிட்டு வெளியே வந்து டீ குடிச்சவங்க நிறைய பேர். நானும் அதுல ஒருத்தன். சரியான விடை 10%.

ரெண்டு மார்க் போனா போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா அதே தப்பை எங்க வீட்டுல வேற ஒருத்தர் மூணு வருஷமா செஞ்சுட்டு இருந்தது அடுத்த மாசம்தான் தெரிஞ்சுது. அவர் பண்ணினது 5 லட்சம் ரூபாயில.

நாங்க இருக்கறது சேக்காடு. தாத்தா ஆவடி ஓ.சி.எஃப்-ல, அதாவது ராணுவ உடை தைக்கிற தொழிற்சாலையில, கட்டிங் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சேமிப்பிலிருந்து 5 லட்சத்தை ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஒரு ஃபண்டில் போட்டிருந்தார். எந்த ஃபண்டு என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. "மாசா மாசம் டிவிடெண்ட் வரும் சார், 1.5 பர்சென்ட், வருஷத்துக்குப் பதினெட்டு" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். மாசம் 3,750 ரூபாய் தவறாமல் பேங்கில் விழுந்தது. தாத்தா அதை "வட்டி" என்றுதான் சொல்வார். என் ரயில் சீசன் டிக்கெட், செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் எல்லாம் அந்த வட்டியிலிருந்துதான்.

மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் ஸ்டேட்மென்ட்டை நீட்டினார்.

"டேய், இதைப் பாரு. அஞ்சு லட்சம் போட்டேன். நாலு லட்சத்து ஐம்பதாயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்கான். அம்பதாயிரம் எங்கடா போச்சு?"

இதுக்கு நடுவுல ஏஜென்ட் வேற ஃபோன் பண்ணியிருக்கார். "என்.ஏ.வி 20-ல இருந்து 18-க்கு வந்திருக்கு, விலை மலிவா இருக்கு, இப்பவே இன்னும் ரெண்டு லட்சம் போடுங்க"ன்னு. தாத்தா பாட்டியோட எஃப்.டி-யை உடைக்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தார். திருடிட்டாங்கன்னு ஒரு பக்கம் சந்தேகம், மலிவா கிடைக்குதுன்னு ஒரு பக்கம் ஆசை. ரெண்டுமே தப்பு. ஏன் தப்புன்னு சொல்ல, முதல்ல அந்த ரெண்டு மார்க் கேள்வியைச் சரியா போடணும்.

நிகர சொத்து மதிப்பு, அதாவது என்.ஏ.வி, ரொம்ப சாதாரணமான வகுத்தல். ஃபண்டிடம் இருக்கும் எல்லாவற்றின் இன்றைய சந்தை மதிப்பைக் கூட்டு. கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழி. மிச்சத்தை மொத்த யூனிட் எண்ணிக்கையால் வகு. அவ்வளவுதான்.

கேள்வியில் இருக்கும் ஃபண்டுக்கு உடம்பு கொடுத்துப் பார்ப்போம். வருடத் தொடக்கத்தில் சொத்து 200 கோடி, யூனிட் 10 கோடி. ஆக என்.ஏ.வி 20. வருடத்தில் பங்குகளின் விலை ஏறியதால் 18 கோடி சேர்கிறது. கம்பெனிகள் கொடுத்த டிவிடெண்டும் கடன் பத்திர வட்டியும் சேர்ந்து 6 கோடி உள்ளே வருகிறது. ஃபண்டை நடத்தும் செலவு 4 கோடி வெளியே போகிறது. இப்போது சொத்து 200 + 18 + 6 − 4 = 220 கோடி. என்.ஏ.வி 22. இந்தச் செலவை வருடக் கடைசியில் மொத்தமாக எடுப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்த பிறகுதான் அன்றைய என்.ஏ.வி வெளியிடப்படுகிறது. அதனால் பேப்பரில் பார்க்கும் என்.ஏ.வி-யிலிருந்து செலவை மறுபடி கழிக்காதீர்கள். இதுவும் இன்டர்னல்ல ஒரு மார்க் போற இடம்.

இப்போது யூனிட்டுக்கு 1.50 பகிர்கிறார்கள். 10 கோடி யூனிட்டுக்கு 15 கோடி ரூபாய் ஃபண்டை விட்டு வெளியேறி யூனிட்காரர்களின் பேங்க் கணக்குக்குப் போகிறது. மீதி 205 கோடி. என்.ஏ.வி 20.50. யூனிட் எண்ணிக்கை மாறவில்லை, சொத்துதான் குறைந்தது.

சுருக்கமா எழுதினா:

கடைசி என்.ஏ.வி = தொடக்க என்.ஏ.வி × (1 + வருமான விகிதம்) − பகிர்வு

20 × 1.10 − 1.50 = 20.50. வருமான விகிதம் தெரியாமல் மற்றவை தெரிந்தால் திருப்பிப் போடணும்: (20.50 + 1.50) ÷ 20 − 1 = 10%. கொடுத்ததை மறுபடி கூட்டினால்தான் சம்பாதித்தது எவ்வளவு என்று தெரியும்.

எங்க ஊர் ஏரியை வெச்சுச் சொன்னா இன்னும் சுலபம். மழை பெய்து தண்ணி ஏறுது. மதகைத் திறந்து விட்டா இறங்குது. மட்டம் ஒரு அடிதான் ஏறியிருக்குன்னு அளவுகோலைப் பார்த்துட்டு, "இந்த வருஷம் மழையே இல்ல"ன்னு சொல்ல முடியுமா? மதகு வழியா போன தண்ணியையும் சேர்த்துத்தானே சொல்லணும்.

இன்னொரு விஷயம், இதைத் தனியா கவனிங்க. 20.50-ல் நிற்கும்போது புதுசா ஒருத்தர் வந்து 1 கோடி யூனிட் வாங்கினால்? 20.50 கோடி உள்ளே வரும். சொத்து 225.50 கோடி, யூனிட் 11 கோடி. வகுத்தால் மறுபடி 20.50. யாராவது விற்றுக்கொண்டு போனாலும் இதே மாதிரிதான். வருகிறவர்களும் போகிறவர்களும் அன்றைய என்.ஏ.வி-யிலேயே வந்து போனால், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு காசு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. என்.ஏ.வி என்ற எண்ணை தினமும் மெனக்கெட்டு கணக்குப் போடுவதே இதற்காகத்தான்.

அது இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும்? இந்தியாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கு. தாத்தா கணக்குக்கு வர்றதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடலாம்.

நம்ம நாட்டின் முதல் மியூச்சுவல் ஃபண்டு நிறுவனம் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா. அதற்கான சட்டம் 1963-ல் வந்தது. அப்போது நிதியமைச்சர் சென்னைக்காரரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1964 ஜூலையில் அதன் முதல் திட்டமான யூனிட் 64 விற்பனைக்கு வந்தது. முகமதிப்பு 10 ரூபாய். சம்பளக்காரர்கள், ரிட்டயர் ஆனவர்கள் எல்லாம் அதை பேங்க் டெபாசிட் மாதிரியே நினைத்து வாங்கினார்கள். கடைசிக் காலத்தில் அதில் சுமார் 2 கோடி பேர் இருந்தார்கள்.

யூனிட் 64-ல் ஒரு விசித்திரம். அதன் விற்கும் விலையும் திரும்ப வாங்கும் விலையும் என்.ஏ.வி அடிப்படையில் இல்லை. நிர்வாகமே ஒரு விலையை நிர்ணயித்து அறிவிக்கும். தனிச் சட்டத்தின் கீழ் வந்ததால், மற்ற ஃபண்டுகளுக்கு இருந்த செபி விதிகள் இதற்கு இல்லை. டிவிடெண்டும் தாராளம். 1998-ல் 20%. 1999-ல் 13.5%. இந்தச் சதவீதமெல்லாம் 10 ரூபாய் முகமதிப்பின் மேல். 90-களில் ஃபண்டின் பணம் பெருமளவு பங்குச் சந்தைக்குப் போயிருந்தது. சந்தை விழுந்தபோது சொத்து கரைந்தது. அறிவித்த விலை அதே அளவு இறங்கவில்லை. 1998-லேயே ரிசர்வ் மைனஸுக்குப் போய்விட்டது என்று தெரிந்து, தீபக் பாரிக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். மூன்று வருடத்துக்குள் என்.ஏ.வி முறைக்கு மாற வேண்டும் என்று அந்தக் குழு 1999-ல் சொன்னது.

மூன்று வருடம் முடிவதற்குள் சந்தை மறுபடி விழுந்தது. 2001 ஏப்ரல், மே இரண்டே மாதத்தில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியே போனது. எடுத்தவர்களில் மிகப் பெரும்பங்கு கம்பெனிகள். 2001 ஜூலை 2-ம் தேதி, 10% டிவிடெண்ட் அறிவித்த கையோடு, விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். 2002 ஜனவரியில் யூனிட் 64 என்.ஏ.வி முறைக்கு வந்தபோது வெளியான எண் 6 ரூபாய்க்கும் கீழே.

இதில் யார் பணம் யாரிடம் போனது? கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபண்டில் உண்மையான சொத்து 100 கோடி, யூனிட் 10 கோடி. என்.ஏ.வி 10. ஆனால் நிர்வாகம் "14 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம்" என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் 4 கோடி யூனிட்டைக் கொடுத்துவிட்டு 56 கோடியோடு போகிறார்கள். மீதி 44 கோடி, யூனிட் 6 கோடி. என்.ஏ.வி 7.33. போனவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது யூனிட்டுக்கு 4 ரூபாய் வீதம் 16 கோடி. இருந்தவர்கள் இழந்தது யூனிட்டுக்கு 2.67 வீதம், அதே 16 கோடி. சந்தை ஒரு பைசா அசையவில்லை. விலை தப்பாக இருந்ததே போதும், முதலில் ஓடியவர் பின்னால் நின்றவரின் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அரசு தலையிட்டு, சின்ன முதலீட்டாளர்களுக்கு 3,000 யூனிட் வரை 10 ரூபாயில் தொடங்கி மாதம் 10 காசு ஏறும் விலையில் வெளியேற வழி செய்தது. அந்த வித்தியாசம் வரிப் பணத்திலிருந்து வந்தது. 2003-ல் நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, யூனிட் 64 முடித்து வைக்கப்பட்டது.

இப்போ தாத்தாவோட ஸ்டேட்மென்ட்டுக்கு வருவோம். இங்கே என்.ஏ.வி தினமும் ஒழுங்காத்தான் போடப்பட்டிருக்கு. அப்போ 50,000 எங்கே?

5 லட்சம், அன்றைய என்.ஏ.வி 20. நியாயமாக 25,000 யூனிட் வரணும். ஸ்டேட்மென்ட்டில் 24,998.75 என்று இருந்தது. தாத்தாவுக்கு அதுலேயே சந்தேகம். அது முத்திரைத் தீர்வை. 2020 ஜூலையிலிருந்து வாங்கும் தொகையில் 0.005% பிடிக்கிறார்கள். 5 லட்சத்துக்கு 25 ரூபாய். அதை விட்டுவிட்டு, கணக்கு சுலபமாக இருக்க 25,000 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம்.

மாதப் பகிர்வு யூனிட்டுக்கு 15 காசு. 25,000 × 0.15 = 3,750. சரியாகத்தான் இருக்கு. 15 காசு என்பது 10 ரூபாய் முகமதிப்பில் 1.5%. ஏஜென்ட் சொன்ன "வருஷத்துக்குப் பதினெட்டு" இதுதான். பொய் சொல்லலை பாருங்க! ஆனா தாத்தா யூனிட்டை வாங்கினது 10 ரூபாய்க்கு இல்ல, 20-க்கு. போட்ட பணத்துக்கு வருடத்துக்கு 45,000. அதாவது 9%. பதினெட்டு அங்கேயே பாதியாயிடுச்சு.

அந்த 9 சதவீதத்தையாவது ஃபண்டு சம்பாதித்ததா? மூன்று வருட என்.ஏ.வி-யையும் பகிர்வையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சில மாதம் ஏற்றம், சில மாதம் இறக்கம். நிரவிப் பார்த்தால் மாதத்துக்குச் சுமார் 0.5%. புரிவதற்காக ஒவ்வொரு மாதமும் சரியாக 0.5% என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மாதம்: 20 × 1.005 = 20.10. அதிலிருந்து 0.15 போனால் 19.95.
இரண்டாம் மாதம்: 19.95 × 1.005 = 20.0498. 0.15 போனால் 19.8998.
மூன்றாம் மாதம்: 19.8998 × 1.005 = 19.9992. 0.15 போனால் 19.8492.

சம்பாதிப்பது 10 காசு, கொடுப்பது 15 காசு. பாக்கி 5 காசு எங்கிருந்து வரும்? தாத்தாவின் முதலிலிருந்துதான். அடுத்த மாதம் முதல் கொஞ்சம் சின்னதாகிவிடுகிறது, ஆகவே சம்பாதிப்பதும் 10 காசுக்குக் கொஞ்சம் கீழே. கொடுப்பது மட்டும் அதே 15.

மூணாவது செமஸ்டர் மேத்ஸ் ஞாபகம் இருக்கறவங்க இதை டிஃபரன்ஸ் ஈக்வேஷனா எழுதிடலாம். n மாதம் கழித்து என்.ஏ.வி = 30 − 10 × (1.005)ⁿ. அந்த 30 எங்கிருந்து வந்தது? 0.15 ÷ 0.005. என்.ஏ.வி 30 ஆக இருந்திருந்தால் மாதம் 0.5% என்பது சரியாக 15 காசு. எடுப்பதும் சேர்வதும் சமமாகி, என்.ஏ.வி அங்கேயே நின்றிருக்கும். 30-க்கு மேல் இருந்தால் ஏறிக்கொண்டே போகும். கீழே இருந்தால் இறங்கும், இறங்க இறங்க வேகம் கூடும். தாத்தா நுழைந்தது 20-ல்.

12 மாதத்தில் 19.38. 24 மாதத்தில் 18.73. 36 மாதத்தில் 18.03. ரூபாயில் சொன்னால், முதல் வருடம் கையில் வந்த 45,000-ல் ஃபண்டு சம்பாதித்தது 29,580. முதலிலிருந்து எடுத்தது 15,420. இரண்டாம் வருடம் முதலிலிருந்து 16,370. மூன்றாம் வருடம் 17,380. மொத்தம் 49,170. தாத்தா தேடிக்கிட்டிருந்த "அம்பதாயிரம்" இதுதான். அது அவர் பாஸ்புக்கிலேயே மாசா மாசம் "வட்டி"ங்கற பேர்ல வந்து விழுந்திருக்கு. கொஞ்சம் நான் ரயில்லயே தீர்த்துட்டேன்.

இதே வேகத்தில் போனால் என்.ஏ.வி பூஜ்யமாக எத்தனை மாதம்? (1.005)ⁿ = 3 என்று போட்டுப் பாருங்கள். 220 மாதம் வரும். பதினெட்டு வருடம் சொச்சம். நிஜத்தில் அதுக்கு ரொம்ப முன்னாடியே பகிர்வைக் குறைச்சுடுவாங்க. பகிர்வு உத்தரவாதம் கிடையாதுன்னு விண்ணப்பப் படிவத்துலேயே போட்டிருக்கும்.

"சம்பாதிக்காததை எப்படிடா கொடுக்க முடியும்? சட்டம் ஒத்துக்குமா?" என்றார் தாத்தா. நல்ல கேள்வி. இதுக்குப் பதில் தேட எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு.

ஃபண்டு பகிரக்கூடிய உபரியிலிருந்துதான் பகிர முடியும். தாத்தா வாங்கிய 20 ரூபாயில் 10 முகமதிப்பு. மீதி 10-ல் ஒரு பகுதி, அவர் சேர்வதற்கு முன்பே ஃபண்டு விற்று எடுத்த லாபம். அந்த லாபத்தை அவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அது சமன்படுத்தும் இருப்பு என்ற கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து பகிரலாம். ஆக, சட்டப்படி உபரி. தாத்தாவைப் பொறுத்தவரை அவருடைய முதல். இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு வந்ததால்தான், 2021 ஏப்ரல் 1-லிருந்து "டிவிடெண்ட்" என்ற பெயரையே ஃபண்டு திட்டங்களிலிருந்து செபி எடுத்துவிட்டது. இப்போதைய பெயர் ஐ.டி.சி.டபிள்யூ. தமிழில் சொன்னால், வருமானப் பகிர்வும் முதலைத் திரும்ப எடுத்தலும். ஒவ்வொரு பகிர்விலும் வருமானம் எவ்வளவு, முதல் எவ்வளவு என்று ஸ்டேட்மென்ட்டில் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கு. தாத்தாவோட ஸ்டேட்மென்ட்லயும் பிரிச்சுப் போட்டிருந்தது. மூணாவது பக்கத்துல. வீட்டுல யாரும் மூணாவது பக்கம் வரைக்கும் போகலை.

சரி, தாத்தாவுக்கு மொத்தத்தில் என்ன கிடைத்தது? இப்போதைய மதிப்பு 4,50,830. வாங்கியது 36 × 3,750 = 1,35,000. கூட்டினால் 5,85,830. போட்டதற்கு மேல் 17.17%. ஆனால் அதே ஃபண்டின் குரோத் பிரிவைப் பார்த்தால், பகிர்வே இல்லாமல் 20 என்பது 23.93 ஆகியிருக்கும். அதாவது 19.67%. ஒரே ஃபண்டு, ஒரே பங்குகள், ஏன் வித்தியாசம்? வெளியே வந்த 3,750 அதற்குப் பிறகு ஃபண்டுக்குள் சம்பாதிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு ஃபண்டின் திறமையை அளக்கணும்னா பகிர்வுகளைச் சும்மா கூட்டக் கூடாது. ஒவ்வொரு பகிர்வு இடைவெளிக்கும் (கடைசி என்.ஏ.வி + பகிர்வு) ÷ தொடக்க என்.ஏ.வி போட்டு, வரும் எண்களை எல்லாம் பெருக்கணும். இங்கே 1.005-ஐ 36 தடவை பெருக்கினால் 1.1967. குரோத் பிரிவோடு சரியாகப் பொருந்தும். இதுதான் மொத்த வருமானம்.

"என்.ஏ.வி குறைஞ்சிருக்கு, மலிவு"ங்கற பேச்சும் இதோட அடிபட்டுப் போச்சு. 18.03-க்கு வாங்கினா 18.03 ரூபாய் சொத்து கிடைக்கும். 23.93-க்கு வாங்கினா 23.93 ரூபாய் சொத்து. ரெண்டுக்குள்ளேயும் இருக்கறது அதே பங்கு, அதே பத்திரம். நாளைக்கு 1% ஏறினா ரெண்டுமே 1% ஏறும். இன்னொரு பழைய வித்தையும் உண்டு: "அடுத்த வாரம் பெரிய டிவிடெண்ட் வருது, அதுக்குள்ள வாங்கிடுங்க." 20-க்கு வாங்கி, 1 ரூபாய் பகிர்ந்தால், மறுநாள் 19 ரூபாய் யூனிட்டும் 1 ரூபாய் காசும் கையில் இருக்கும். உங்க காசையே ஒரு சுத்து சுத்தி உங்ககிட்ட கொடுத்துட்டு, அதுக்கு வரியும் கட்ட வைக்கறாங்க.

வரி விஷயம் தாத்தாவுக்கு நிஜமாகவே வலிக்கும் இடம். 2020 ஏப்ரலிலிருந்து இந்தப் பகிர்வு முழுவதும் வாங்குபவரின் வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரி வரம்புப்படி கணக்காகும். அதில் பாதி முதலாக இருந்தாலும் சரி. அதற்குப் பதில் குரோத் பிரிவில் வைத்துக்கொண்டு மாதம் 3,750-க்கு யூனிட் விற்றால்? எஸ்.டபிள்யூ.பி என்பார்கள். முதல் மாதம் 20.10 விலையில் 186.57 யூனிட் விற்க வேண்டும். ஒரு யூனிட்டில் லாபம் 10 காசு. ஆக வரிக்குரிய லாபம் 18 ரூபாய் 66 காசு. அந்தப் பக்கம் 3,750, இந்தப் பக்கம் 18.66. கையில் வரும் பணம் ஒன்றுதான். முதல் வருடத்துக்குள் விற்றால் வெளியேறும் கட்டணம் பல ஃபண்டுகளில் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளணும்.

இதையெல்லாம் பழைய ரெக்கார்ட் நோட்டுல போட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில திண்ணையில உட்கார்ந்து தாத்தாவுக்குச் சொன்னேன். பாதியில டிஃபரன்ஸ் ஈக்வேஷன் எல்லாம் எடுபடலை. அவரே ஒரு வழியில புரிஞ்சுக்கிட்டார். "அதாவது, ஒரு தான் துணி. மாசம் பத்து மீட்டர் நெசவாகி வருது. நான் பதினஞ்சு மீட்டர் வெட்டி எடுத்துட்டு, தான் ஏன் சின்னதாச்சுன்னு கேக்கறேன். அதானே?"

அதேதான், தாத்தா.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "எவ்வளவு வெட்டினா குறையாது?"ன்னார். 20 × 0.005, யூனிட்டுக்கு 10 காசு, மாசம் 2,500. இப்போ இருக்கற 18.03-க்கு 9 காசு, சுமார் 2,250. அதுவும் ஃபண்டு இதே மாதிரி சம்பாதிச்சாத்தான். சந்தை விழற வருஷம் அதுவும் நிக்காது.

பாட்டியோட எஃப்.டி அப்படியே இருக்கு. ஃபண்டை வித்துட்டு ஓடவும் இல்லை. குரோத் பிரிவுக்கு மாத்திட்டு, மாசம் 2,250 மட்டும் எடுக்கறார். மாத்தறதும் வித்து வாங்கற மாதிரிதான், வரிக் கணக்கு வரும். வாங்கின விலையை விட என்.ஏ.வி கீழே இருந்ததால லாபம்னு ஒண்ணும் இல்லை. என் சீசன் டிக்கெட் காசை இப்போ அப்பாகிட்ட கேக்கறேன்.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. என்.ஏ.வி 40-ல் தொடங்கும் ஃபண்டு. முதல் ஆறு மாதம் 8% ஏறி, யூனிட்டுக்கு 2 ரூபாய் பகிர்கிறது. அடுத்த ஆறு மாதம் 5% விழுந்து, 1 ரூபாய் பகிர்கிறது. கடைசி என்.ஏ.வி 38.14 வரணும். மொத்த வருமானம் 1.08 × 0.95, அதாவது 2.6%. ஆனால் பகிர்வுகளைச் சும்மா கூட்டிப் பார்த்தால் (38.14 + 3) ÷ 40, 2.85% வரும். தாத்தா கணக்கில் கூட்டல் குறைவாகக் காட்டியது, இங்கே அதிகமாகக் காட்டுகிறது. ஏன் என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புங்க.